பழைய டீசல் பிக்கப்பில் எரிபொருள் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சிங்கப்பூரில் ஒரு சரக்கு வாகனம் அதிகபட்சம் 20 ஆண்டுகள்தான் சாலையில் ஓட முடியும். முதல் பத்தாண்டு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிந்ததும் அதைப் புதுப்பித்து, பிக்கப்பை ஆயுள் முடியும்வரை ஓட்டிவிடுவது என்று முடிவெடுக்கும் சிறு குத்தகைக்காரர்களும் காய்கறி, பூ வியாபாரிகளும் இங்கே நிறையப் பேர். டீசல் வாகனங்களுக்கான யூரோ 4 விதி 2006 அக்டோபரிலேயே நடப்புக்கு வந்துவிட்டதால், ‘பழைய வண்டி’ என்ற பெயரில் இன்று பட்டறைக்கு வரும் பிக்கப்புகள் பெரும்பாலும் காமன்ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக்குழாயில் டீசலை உயரழுத்தத்தில் தேக்கித் தரும் வகை) கொண்டவையே. இயந்திரப் பம்பு காலத்து எஞ்சின்களில் தொழில் பழகிய என் போன்றவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. அன்று கற்ற கைப்பழக்கங்களில் சில இந்த எஞ்சின்களில் பயன்படுவதில்லை, சில ஆபத்தானவை.

கோளாறைத் தேடுவதற்குமுன் டீசல் போகும் வழியை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் நுனியில் ஒரு வலை இருக்கிறது. அங்கிருந்து சேசிஸை ஒட்டி வரும் இரும்புக் குழாய், இடையிடையே ரப்பர்க் குழாய், பிறகு ஃபில்டர். ஃபில்டரின் தலையில் கைப்பம்பும் அடியில் தண்ணீர் தங்கும் கிண்ணமும் இருக்கும். அதைத் தாண்டினால் உயரழுத்தப் பம்பு, ரெயில் என்னும் அந்தப் பொதுக்குழாய், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள். மிஞ்சும் டீசல் தனிக்குழாய் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. இந்த வகைப் பிக்கப்புகளில் பலவற்றுக்கு டேங்குக்குள் மின்பம்பு கிடையாது. உயரழுத்தப் பம்போடு சேர்ந்திருக்கும் சிறிய ஊட்டுப் பம்புதான் அவ்வளவு தூரத்திலிருந்து டீசலை இழுத்து வருகிறது. ஆகவே டேங்கிலிருந்து பம்பு வரையிலான பாதி உறிஞ்சும் பாதி; அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே ஒழுகுவதைவிடக் காற்று உள்ளே புகுவதே அதிகம். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பகுதி இந்த மலிவான பாதியில்தான் கிடந்தது. வாடிக்கையாளர் கையோடு கொண்டுவரும் விலைச்சீட்டில் எழுதியிருப்பதோ மறுபாதியில் உள்ள பம்பும் இன்ஜெக்டரும். தேடலை எப்போதும் டேங்கிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுபாதியைத் தொடும் முன் ஓர் எச்சரிக்கை. ஐட்லிங்கிலேயே ரெயிலில் ஏறத்தாழ 300 பார் அழுத்தம் நிற்கும். சுமையேற்றி ஓட்டும்போது அது பல எஞ்சின்களில் 1,600 பார் வரை போகும். ஊசிமுனையளவு ஒழுக்கிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனாலும் அது உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய காயம். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் மந்தம் என்று பார்த்த பழைய முறையைக் காமன்ரெயிலில் ஒருபோதும் செய்யக்கூடாது. ஒழுக்கைக் கையால் தடவித் தேடாமல் ஓர் அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கச் சில நிமிடங்கள் விட்டுத்தான் உயரழுத்தக் குழாயில் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

பிக்கப்பின் உரிமையாளரைவிட அதை ஓட்டுபவரிடம் கேட்பது நல்லது. கோளாறு எந்த நேரத்தில் வருகிறது, எஞ்சின் சூடாக இருந்ததா, பின்னால் சுமை இருந்ததா, டேங்கில் டீசல் எவ்வளவு, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் ஆகிய ஐந்து கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்ததுபோல.

காலையில் நெடுநேரம் சுழற்றினால்தான் கிளம்புகிறது. பிறகு நாள் முழுக்கச் சரியாக ஓடுகிறது

குளிர்நாட்டுக் கையேடுகள் இந்த அறிகுறிக்கு முதலில் குளோ பிளக்கை, அதாவது குளிர்ந்த எஞ்சின் கிளம்ப சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்கை, சொல்லும். நம் ஊரில் விடியற்காலையிலும் வெப்பநிலை 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தச் சூட்டில் நேரடியாக டீசல் பீய்ச்சும் எஞ்சின் குளோ பிளக் இல்லாமலும் கிளம்பிவிடும். ஆகவே இங்கே இந்த அறிகுறிக்கு என் முதல் சந்தேகம், இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிட்டது என்பதுதான். உறிஞ்சும் பாதியில் எங்கோ காற்று புகுகிறது. ஃபில்டரிலும் குழாயிலும் நிறைந்து நிற்க வேண்டிய டீசல் மெல்ல மெல்ல வடிகிறது. காலையில் பம்பு முதலில் காற்றையே இழுக்கிறது.

இதை உறுதிசெய்ய ஒரு காசும் செலவில்லை. காலையில் சாவியைத் திருப்புவதற்குமுன் ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். டீசல் நிறைந்திருந்தால் ஓரிரு அழுத்தத்திலேயே கை கெட்டிப்படும். பத்து, இருபது முறை தொளதொளவென்று போய் அதன்பிறகே கெட்டிப்பட்டு, எஞ்சினும் உடனே கிளம்பினால், காற்று புகுவது உறுதி. முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்திய இரவுகளில் தொல்லை கூடுகிறதா என்றும் பாருங்கள். கூடினால் இன்னொரு சான்று.

பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் அதிகாலை மூன்று மணிக்குச் சரக்கேற்றும் பிக்கப் ஒன்று இப்படித்தான் என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். “அண்ணே, காலைல மட்டும்தான் மக்கர் பண்ணுது, ஒருவாட்டி கிளம்பிட்டா அப்புறம் ஒண்ணும் இல்ல,” என்றார் அதை ஓட்டும் புதுக்கோட்டைத் தம்பி. காரணம் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது. தேய்ந்துபோன இன்ஜெக்டர் காலையில் மட்டும் நினைத்துக்கொண்டு தொல்லை தராது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் டீசல் குழாயை இணைத்து எஞ்சினை ஓடவிட்டேன். வெளிர்மஞ்சள் டீசலுக்குள் கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்தன. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, ஒரு கேனிலிருந்து நேரே ஃபில்டருக்கு டீசல் கொடுத்ததும் குமிழிகள் நின்றன. அப்படியானால் ஓட்டை டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே. சேசிஸ் ஓரமாக இரும்புக் குழாயில் மாட்டியிருந்த ரப்பர்க் குழாயின் கிளிப்பை நகர்த்தியபோது அதன் அடியிலேயே ரப்பர் சுற்றிலும் வெடித்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. அரை மீட்டர் குழாயும் இரண்டு கிளிப்பும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

ரப்பர்க் குழாய் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை ஃபில்டரின் ரப்பர் வளையம், அடியிலுள்ள வடிகால் திருகு, கைப்பம்பின் சவ்வு. ஃபில்டர் மாற்றிய மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால் வேறெங்கும் தேடாதீர்கள். வளையம் முறுக்கிக்கொண்டிருக்கும், அல்லது பழைய வளையம் தலைப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு இரண்டு வளையமாக இருக்கும். பேட்டரியையும் மறக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழன்றால் பம்பால் ரெயிலில் போதிய அழுத்தத்தை எழுப்ப முடியாது. அதுவும் எரிபொருள் கோளாறுபோலவே தெரியும்.

காலையில் கிளம்புகிறது, சூடாக இருக்கும்போது அணைத்தால் மறுபடி கிளம்ப மறுக்கிறது

இது முன்னதற்கு நேர்மாறு. இங்கேதான் இன்ஜெக்டரைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. சூடேறிய டீசல் இளகி நீர்த்துப்போகும். தேய்ந்த இன்ஜெக்டரின் உள்ளிடைவெளிகள் வழியாக அது திரும்புகுழாய்க்குத் தாராளமாகக் கசிந்துவிடுவதால், ஸ்டார்ட்டர் சுழலும் வேகத்தில் ரெயிலில் அழுத்தம் நிற்பதில்லை.

எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்து, ஸ்டார்ட்டர் சுழலும்போது இரண்டே எண்களைப் பாருங்கள். எஞ்சின் சுற்று வேகம் பூஜ்யமாகவே காட்டினால் எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சர் போயிருக்கிறது. அது சூட்டில் செத்துக் குளிர்ந்ததும் பிழைக்கும் பழக்கமுள்ள பாகம், எரிபொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுற்று வேகம் வந்து, ரெயில் அழுத்தம் 100 பாரைத் தொடவே தடுமாறினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. கிளம்புவதற்கான குறைந்தபட்ச அழுத்தம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பொதுவாக 200 பாரை ஒட்டி இருக்கும் என்றாலும் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். சில ஸ்கேனர்கள் மெகாபாஸ்கலில் காட்டும். ஒரு மெகாபாஸ்கல் பத்து பார் என்று கொள்ள வேண்டும்.

கசிவு எந்த இன்ஜெக்டரில் என்பதைத் திரும்பு அளவுச் சோதனை காட்டிக்கொடுக்கும். நான்கு இன்ஜெக்டரின் திரும்புகுழாய்களையும் கழற்றி, அளவுக்கோடு போட்ட நான்கு குப்பிகளில் தனித்தனியே விட்டு, சூடான எஞ்சினைச் சில நிமிடங்கள் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். மூன்று குப்பிகள் ஒரே அளவில் நிற்க, நான்காவது அவற்றைப்போல் இரண்டு மடங்கு நிறைந்திருந்தால் குற்றவாளி அதுவே. நான்கும் சமமாகவும் குறைவாகவும் இருந்தால் இன்ஜெக்டரை விட்டுவிட்டுப் பம்புப் பக்கம் திரும்புங்கள். இந்தச் சோதனை செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் எந்த எண்ணைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. இன்ஜெக்டர் மாற்றினால் அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை எஞ்சின் கணினியில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் புதிய இன்ஜெக்டரோடும் எஞ்சின் கடகடக்கும்.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடுகிறது

டென்சோவின் எச்பி3 வகைப் பம்பு டொயோட்டா, நிசான், இசுசு, மிட்சுபிஷி பிக்கப்புகளில் பரவலாக இருக்கிறது. அதன் உடம்பில் மாட்டியிருக்கும் எஸ்சிவி என்னும் உறிஞ்சு கட்டுப்பாட்டு வால்வு, பம்புக்குள் எவ்வளவு டீசல் விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கணக்கில் நுண்தூசியும் நீரும் பட்டு அதன் உள்முளை சிக்கிச் சிக்கி நகரத் தொடங்கும்போது, கணினி கேட்கும் அழுத்தத்துக்கும் ரெயிலில் இருக்கும் அழுத்தத்துக்கும் பொருத்தம் போய்விடும். ஸ்கேனரில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடாக வரையச் சொன்னால், கேட்ட அழுத்தம் நேர்க்கோடாகவும் வந்த அழுத்தம் அலையாகவும் தெரியும். பி 0089 என்ற பிழைக்குறியீடும் வரலாம்.

எஸ்சிவியைக் குற்றம் சாட்டுமுன் ஃபில்டரையும் குமிழியையும் பார்த்துவிடுங்கள்; காற்று கலந்த டீசலும் இதே அலையைத் தரும். இரண்டும் சுத்தம் என்றால் எஸ்சிவியை மட்டும் மாற்றலாம், முழுப் பம்பும் தேவையில்லை. கழற்றும் முன் பம்பைச் சுற்றிலும் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள்; அந்தத் துளைக்குள் விழும் ஒரு மணல், பம்பையும் வாங்க வைத்துவிடும். மாற்றிய பின் பல எஞ்சின்களில் பழைய பம்பின் போக்கைக் கணினி நினைவில் வைத்திருக்கும் கற்றல் மதிப்பை ஸ்கேனர் வழியாக அழித்துப் புதிதாகக் கற்கவிட வேண்டும்.

சுமையோடு மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை

இலேசு ரக சரக்கு வாகனத்துக்கு விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. அதனால் இந்தக் கோளாறு பல மாதம் தெரியாமலே வளரும். வெற்று வண்டி சமதரையில் நன்றாகப் போகும். சிமெண்ட் மூட்டை ஏற்றி மேம்பாலம் ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், சில சமயம் எஞ்சின் விளக்கு எரிந்து லிம்ப் மோடுக்கு, அதாவது கணினி எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும் நிலைக்கு, போய்விடும். பி 0087, அதாவது ரெயில் அழுத்தம் போதவில்லை என்ற குறியீடு, இங்கே வாடிக்கை. அந்தக் குறியீடு பம்பு கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பம்புக்கு டீசல் கிடைக்காவிட்டாலும் அதே குறியீடுதான் வரும்.

முதலில் ஃபில்டர். 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது மாற்றியிருக்க வேண்டும். மாற்றிய தேதி யாருக்கும் நினைவில்லை என்றால் மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். அதிலுள்ள டீசலை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் கால்மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனிப் படலமாகத் தங்கி, தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பான, வழவழப்பான சளிபோன்ற ஒன்று மிதந்தால், டேங்குக்குள் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. நம் ஊரின் ஈரக்காற்றில், அரை டேங்கோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்குள் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிந்து அடியில் தங்குகிறது. அந்த நீரில் வாழ்ந்துகொண்டு டீசலைத் தின்னும் உயிர்கள் அவை. இந்தச் சளி உறிஞ்சுகுழாயின் வலையை அடைத்துவிடும்போது எத்தனை புது ஃபில்டர் போட்டாலும் இழுவை திரும்பாது.

வலை அடைப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இழுவை குறைந்து, ஓரமாக நிறுத்திச் சற்றுநேரம் கழித்துக் கிளப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். நிறுத்தியதும் உறிஞ்சல் விட்டுப்போய், ஒட்டியிருந்த சளி வலையிலிருந்து கழன்று விழுந்துவிடுவதே காரணம். இதற்கு மருந்து டேங்கை இறக்கிக் கழுவுவதுதான். நுண்ணுயிர்க்கொல்லித் திரவம் மட்டும் ஊற்றினால் செத்த சளியும் வலைக்கே வந்து சேரும். கழுவிய டீசலையும் நீரையும் சாக்கடையில் விடாமல் உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். நம் வடிகால்களில் ஓடுவது நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது.

டேங்கின் மூடியிலோ மூச்சுக்குழாயிலோ அடைப்பு இருந்தாலும் ஏறத்தாழ இதே கதைதான். வண்டி தடுமாறும் அந்த நேரத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் எஞ்சின் சரியாகிவிட்டால், மூடியை மாற்றுவதோடு தீர்ந்தது.

இத்தனையும் சரியாக இருந்தும் இழுவை இல்லை என்றால், எரிபொருளை விட்டுக் காற்றுப் பக்கம் பாருங்கள். காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாய் கீழ்ப்பக்கமாக வெடித்திருப்பது பத்தாண்டு கடந்த பிக்கப்புகளில் சகஜம். கண்ணுக்குத் தெரியாது, கையை அடியில் விட்டுத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அதை எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

புகை

கருப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை: ஏர் ஃபில்டர், வெடித்த டர்போ குழாய், மூடாமல் நிற்கும் இஜிஆர் வால்வு (எரிந்த புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வு), அவற்றுக்குப் பிறகே இன்ஜெக்டர். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, எரியாத டீசல். சூடேறிய பிறகும் அது நிற்காமல் எஞ்சின் ஒரு காலில் நொண்டுவதுபோல் ஓடினால் ஓர் இன்ஜெக்டர் சொட்டிக்கொண்டிருக்கிறது அல்லது அந்த சிலிண்டரில் கம்ப்ரெஷன் இல்லை. நீலப் புகை எண்ணெய் எரிவது, இந்தக் கட்டுரைக்கு வெளியே.

வாகனச் சோதனைக்கு முன் பட்டறையில் நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டுப் புகையில்லை என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனை நிலையத்தில் டீசல் வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, சுமை கொடுத்து ஓடவிட்டுத்தான் புகையை அளக்கிறார்கள். சுமையில்லாமல் தெரியாத கருப்புப் புகை அங்கே வெளிவந்துவிடும். சோதனைக்கு முந்தைய நாள் சரக்கோடு ஒரு மேம்பாலம் ஏறி, பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்வது அதைவிட நம்பகமான முன்னோட்டம்.

டீசல் வாடை, எஞ்சின் எண்ணெயின் அளவு ஏறுகிறது

எண்ணெய் குறைவதைப் பார்ப்பவர்கள் கூடுவதைப் பார்ப்பதில்லை. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி, தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் வண்டியை அதற்குமேல் ஓட்ட வேண்டாம். சொட்டும் இன்ஜெக்டர், வால்வு மூடிக்குள் ஓடும் திரும்புகுழாய், பம்பின் அச்சு சீல் ஆகிய மூன்றில் ஒன்று டீசலை எண்ணெய்க்குள் விடுகிறது. நீர்த்த எண்ணெயில் பேரிங்குகள் தேயும். அளவு மிகவும் ஏறினால் எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு அடங்காமல் ஓடும் அபாயமும் உண்டு.

தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. உயரழுத்தப் பம்புக்கு டீசலே மசகு. பெட்ரோலில் அது இல்லை. எண்ணெய் நிலையத்திலேயே வண்டியை இழுவை லாரியில் ஏற்றி டேங்கைக் காலிசெய்யுங்கள்.

பழுது நீங்கிய பின்

குழாயோ ஃபில்டரோ கழற்றிய ஒவ்வொரு முறையும் கைப்பம்பு கெட்டிப்படும்வரை அழுத்தி, காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட்டரைத் தொடுங்கள். ஸ்டார்ட்டரால் காற்றை இழுக்க வைத்தால் பேட்டரியும் போகும், பம்பும் உலர்ந்து உராயும். கிளம்பியதும் பத்து நிமிடம் ஓடவிட்டு, கழற்றிய இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி ஈரம் பூக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துடைப்பது எஞ்சின் அணைந்திருக்கும்போது. ஓடும்போது பார்வை மட்டும். டேங்கைக் கழுவிய வண்டிக்கு ஆயிரம் கிலோமீட்டரில் ஃபில்டரை இன்னொரு முறை மாற்ற வேண்டும். மூலையில் ஒட்டியிருந்த மிச்சச் சளியெல்லாம் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும். மாற்றிய தேதியையும் மீட்டர் அளவையும் ஃபில்டரின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை.